கைப்பிடி

ஒரு காரியத்தை ஒருவன் மனம் ஒன்றிச் செய்கிறான் என்பதற்காகவே அந்தக் காரியம் நல்லதாகிவிடுமா? 2022-ஆம் வருஷத்துக்கு முன் யாராவது என்னிடம் இப்படிக் கேட்டிருந்தால், "ஆகாமல் என்ன?" என்று யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். என் கதைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பலவீனம் தெரியும். வேலை தெரிந்தவரைக் கண்டால் எனக்குத் தலை தானாகத் தாழ்ந்துவிடும். ஒரு தச்சரோ, நகை செய்யும் பத்தரோ, வீணைக்கு மெழுகு கட்டுகிறவரோ என் நாவல்களில் ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். கதாநாயகன் நிலை தடுமாறித் தெருவில் அலையும்போது அவர் மட்டும் தலை நிமிராமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையில் கவனமுள்ளவன் வாழ்க்கையிலும் கவனமாக இருப்பான் என்று ஒரு கணக்கு எனக்குள் இருந்தது. அந்தக் கணக்கில் ஒரு தப்பு இருப்பதை எனக்குக் காட்டியவரும் ஒரு வேலைக்காரர்தான். வேலைக்காரர் என்றால் வேலை தெரிந்தவர் என்ற பொருளில் சொல்லுகிறேன்.

அந்த வருஷம் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தில், டேட்டன் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் என் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். டேட்டன், ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்த ஊர். அவர்கள் காலத்திலிருந்தே இரும்பை அறுத்து, கடைந்து, தேய்த்துப் பழகிய ஊர் என்று சொல்லலாம். அடுத்த வீட்டுக் கிழவர் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவர். நாற்பது வருஷம் ஒரு தொழிற்சாலையில் அச்சுகளும் கருவிகளும் செய்துவிட்டு ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தாறு. பெயர் வேண்டாமே, அவரும் அவர் மனைவியும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாலை நாலு மணிக்கு அவருடைய கார் ஷெட்டிலிருந்து அரம் தேய்க்கும் சப்தம் வரும். அவசரப்படுகிறவனின் அரம் கீச்சிடும். இது அப்படி இல்லை. ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம், பிறகு வாயால் ஊதுகிற சப்தம், மறுபடியும் ஒரு இழுப்பு. சிறு வயதில் எங்கள் தெருக் கோடியில் இருந்த பூட்டுப் பட்டறை நினைவு வந்துவிட்டது. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் வேலியைச் சுற்றிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். பூட்டும் இல்லை, கடிகாரமும் இல்லை. வைஸின் தாடைகளுக்கு நடுவில், தோல் துண்டு சுற்றி, ஒரு கைத்துப்பாக்கியின் சட்டம் தலைகீழாக நின்றது.

துப்பாக்கியோடு எனக்கிருந்த பரிச்சயமெல்லாம் சினிமாக் கொட்டகையோடு சரி. நான் எழுதிய கதைகளில் ஒன்றே ஒன்றில் ஒரு துப்பாக்கி வருகிறது. அதுவும் கடைசி வரையில் வெடிக்காது. ஆகையால் ஓர் அடி பின்வாங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "பயப்படாதீர்கள், இது இப்போது வெறும் இரும்பு" என்று ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டார். அடுத்த இரண்டு மாதம் அந்த முக்காலி என்னுடையதாகிவிட்டது.

அது 1911 என்ற வருஷத்தையே பெயராகக் கொண்ட துப்பாக்கி. ஜான் பிரௌனிங் என்பவர் அமைத்தது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்டது. 1985-இல் வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் வரையில் அதுதான் அந்த ராணுவத்தின் இடுப்பில் இருந்தது. எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ராணுவம் விட்டுவிட்ட பிறகும் அந்த நாட்டுப் பொழுதுபோக்குக்காரர்கள் அதை விடவில்லை. நம்மில் சிலர் பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டுவதுபோல, அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றி, தங்கள் கைக்குத் தக்கபடி தேய்த்துப் பொருத்துவதில் அவர்களுக்கு ஒரு மோகம்.

கிழவர் பொருத்திக்கொண்டிருந்தது பிடியின் பின்புறத்துத் துண்டு. அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியாக வேண்டும். பின்னால் நான் சொல்லப் போவதெல்லாம் அந்தத் துண்டில்தான் தொங்குகிறது.

துப்பாக்கியைப் பிடிக்கும்போது உள்ளங்கை அழுந்தும் இடத்தில் அசைகிற ஒரு துண்டு இருக்கிறது. பிடிக் காப்பு என்று வைத்துக்கொள்வோமே. கை பிடிக்காத போது ஒரு வில் அதை வெளியே தள்ளி வைத்திருக்கும். உள்ளே அதன் கரம் ஒன்று விசைக்குப் பின்னால் குறுக்கே நிற்கும். விசையை எவ்வளவு இழுத்தாலும் நகராது. கை இறுகப் பிடித்ததும் துண்டு உள்ளே அழுந்தும், கரம் விலகும், விசைக்கு வழி கிடைக்கும். கையில் இல்லாதபோது எதிலாவது மாட்டி வெடித்துவிடக் கூடாதே என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

அந்தத் துண்டின் மேல் நுனி ஒரு சிறு வாலாக நீண்டிருக்கும். ஆரம்பத்தில் வால் குட்டையாக இருந்ததால், சதைப்பிடிப்பான கைக்காரர்களுக்கு ஓர் உபத்திரவம். சுட்டவுடன் பின்னால் மடங்குகிற குதிரை, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கடித்துவிடும். இரத்தம் வரும். 1920-களில் ராணுவம் வாலைக் கொஞ்சம் நீட்டியது. இப்போதைய பொழுதுபோக்குக்காரர்கள் அது போதாதென்று, அகலமாக மேல்நோக்கி வளைந்த வால் ஒன்றைப் பொருத்துகிறார்கள். பீவர் என்ற பிராணியின் தட்டை வாலைப் போல இருப்பதால் அதற்குப் பீவர்டெயில் என்று பெயர்.

கடையில் அந்தத் துண்டு கிடைக்கிறது. ஆனால் வாங்கியவுடன் பொருந்தாது. வேண்டுமென்றே சற்றுப் பெரிதாகச் செய்து விற்கிறார்கள். துப்பாக்கிச் சட்டத்தின் பின்புறமுள்ள இரண்டு கொம்புகளை முதலில் கால் அங்குல ஆரமுள்ள வட்டமாகத் தேய்க்க வேண்டும். அளவுக்காக இரு பக்கமும் உருண்டையான எஃகு வில்லைகளைப் பொருத்திக்கொண்டு, அரம் வில்லையைத் தொடும் வரையில் இறங்க வேண்டும். பிறகு துண்டுக்கு நீலச் சாயம் பூசி, மாட்டி, அசைத்து, கழற்றிப் பார்க்க வேண்டும். எங்கே நீலம் அழிந்து இரும்பு மினுக்குகிறதோ, அங்கேதான் உரசுகிறது. அந்த மினுக்கை மட்டும் இரண்டு இழுப்பு. மறுபடியும் சாயம், மறுபடியும் மாட்டல், மறுபடியும் கழற்றல். அரத்தின் பற்களில் துகள் அடைத்துக் கீறல் விழாமலிருக்க அதற்குச் சுண்ணக்கட்டி தடவுவார். ஒரு சாயங்காலம் முழுவதும் அவர் தேய்த்து எடுத்த இரும்பு ஒரு சிட்டிகை மூக்குப் பொடி அளவு இருக்காது.

கடைசி வேலை உள்ளேயிருக்கும் கரம். அதையும் நீளமாகவே செய்து விற்கிறார்கள். அப்படியே மாட்டினால், கை அழுத்தினாலும் அது விலகாது, துப்பாக்கி ஊமை. கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அழுத்தினால் விலக வேண்டும், விட்டால் தடுக்க வேண்டும் என்ற எல்லைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு இழுப்பு அதிகமாகிவிட்டால் காப்பு என்ற பெயர்தான் இருக்கும், காப்பு இருக்காது. "எடுத்த இரும்பைத் திருப்பி வைக்க முடியாது" என்பார் கிழவர், ஒவ்வொரு முறை அரத்தை எடுக்கும்போதும்.

பிறகு மரம். பிடியின் இரு பக்கமும் வால்நட் மரத்துண்டுகள். ஒரு நாள் பேரனைக் கூப்பிட்டு, அவன் உள்ளங்கையில் சாயத்தைத் தடவி, மரத்தைப் பிடிக்கச் சொல்லி, எங்கே பதிகிறது, எங்கே பதியவில்லை என்று பார்த்தார். தையற்காரர் தீபாவளிச் சட்டைக்கு அளவெடுப்பது போலிருந்தது. ஆமாம், அந்தத் துப்பாக்கி பேரனுக்காகத்தான். இருபத்திரண்டு வயதுப் பையன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதிகம் பேசமாட்டான். தாத்தா சொன்ன இடத்தில் உப்புத்தாளால் தேய்ப்பான். இரண்டு தலைகளும் ஒரே விளக்கின் கீழ் குனிந்திருப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. "போக வேண்டாம்னு சொல்லலேப்பா. ஆனா அது என்ன சாமான்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. 2019-லே இதே ஊர்லே, ராத்திரி ஜனங்க சாப்பிட்டுண்டு பேசிண்டு இருந்த தெருவிலே, ஒருத்தன் ஒன்பது பேரைச் சுட்டான். அரை நிமிஷம்தான் ஆச்சாம்" என்றாள்.

"அவன் வேறே, இவர் வேறேம்மா" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றிரவு தூக்கம் வரவில்லை. நாம் ஆயுத பூஜையன்று அரிவாளுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைக்கிறோம். போலீஸ் ஸ்டேஷனில் துப்பாக்கிகளை வரிசையாகச் சாத்திச் சந்தனம் பூசியிருந்ததைச் சிறுவனாக நானே நின்று பார்த்து, சுண்டலும் வாங்கித் தின்றிருக்கிறேன். கருவிக்குத்தான் மரியாதை, அது செய்யும் காரியத்துக்கு அல்ல என்பது நம் சமாதானம். சுண்டல் தின்ற வாய்க்கு அந்தச் சமாதானம் போதுமானதாக இருந்தது.

அந்த ஊர்ப் பொது நூல்நிலையத்தில் இந்தத் துப்பாக்கியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது. பிலிப்பைன்ஸ் தீவுகளில் நடந்த சண்டையில், தங்கள் சிறிய ரவை பட்டும் எதிரிகள் விழாமல் ஓடி வருகிறார்கள் என்று அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு குறை. எத்தனை பெரிய ரவை வேண்டும் என்று தீர்மானிக்க 1904-இல் தாம்ஸன் என்ற அதிகாரியையும் லகார்டு என்ற டாக்டரையும் நியமித்தார்கள். அவர்கள் மனிதப் பிணங்களைத் தொங்கவிட்டுச் சுட்டு, எலும்பு எப்படி உடைகிறது, பிணம் எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். சிகாகோ கசாப்புச் சாலையில் உயிருள்ள மாடுகளை நிறுத்திச் சுட்டு, எத்தனை நேரத்தில் விழுகின்றன என்று கணக்கெடுத்தார்கள். அதிலிருந்து பிறந்த முடிவுதான், '45'க்குக் குறையாத குழல் அளவு. அவர்களும் மிகுந்த சிரத்தையோடுதான் செய்திருக்கிறார்கள். இழுப்புக்கு இழுப்பு நிறுத்தி ஊதிப் பார்க்கும் என் கிழவரின் சிரத்தைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் அவரிடமே கேட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாற்பது வருஷமாக நான் சுட்டதெல்லாம் காகிதம்" என்றார். ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற இடத்தில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே அநேகமாக ஒவ்வொரு கோடையிலும் போயிருக்கிறார். ஐம்பது கஜ தூரத்தில், நின்றபடி, ஒற்றைக் கையால் கறுப்பு வட்டத்தைச் சுட வேண்டும். மூச்சையும் நாடியையும் அடக்கத் தெரியாதவனுக்கு அது வசப்படாதாம். இரும்புப் பெட்டியிலிருந்து தம் சொந்தத் துப்பாக்கியை எடுத்து, தோட்டா இல்லை என்று மேலுறையை இழுத்துக் காட்டி, நானும் விரல் விட்டுப் பார்த்த பிறகே என் கையில் கொடுத்தார். அது என் கையில் உட்காரவே இல்லை. எங்கெங்கோ குழி, எங்கெங்கோ மேடு. நாற்பது வருஷமாக அவர் கைக்கு என்றே இழைத்த மரம். இருபது வருஷம் எழுதிய பேனாவை இன்னொருவர் வாங்கி எழுதினால் முள் கிறுக்குமே, அது போல.

"நீங்கள் அதன் வாலை நீட்டி, கடிக்காமல் செய்துவிடுகிறீர்கள். பிறருக்கு வலி தருகிற பொருள் பிடித்தவனையும் கொஞ்சம் கடிக்கட்டுமே. அதுதானே நியாயம்?" என்றேன். எனக்கே அது ஒரு நல்ல வாக்கியமாகப் பட்டது, எழுத்தாளன் அல்லவா?

"கடிக்கும் என்று பயப்படுகிற கை சுடும் நேரத்தில் உதறும். உதறினால் ரவை போகக் கூடாத இடத்துக்குப் போகும். உங்கள் நியாயத்தால் அடிபடுகிறவன் பக்கத்தில் நிற்கிறவன்" என்றார். என் வாக்கியம் அவ்வளவுதான்.

அவர் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு வேறொரு நினைவு வந்தது. என் நாவல் ஒன்றில் வரப்பில் ஒரு கொலை நடக்கிறது, அரிவாள் வெட்டு. அந்த அத்தியாயத்தைப் பதினாலு தடவை திருத்தி எழுதினேன். "கொலை அவ்வளவு அழகாக இருக்கிறது" என்று ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்டவனின் தாய்க்கு அந்த அத்தியாயத்தில் நான் கொடுத்த இடம் இரண்டே வரி.

செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் கிழவரின் மனைவி வேலியருகே என்னை நிறுத்தினாள். பேரன் விடுமுறைக்கு வரவில்லை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வசந்த காலத்திலேயே வந்துவிட்டானாம். பகலெல்லாம் தூங்குகிறான்; சாப்பிடுவதில்லை; ஒரு தடவை, தான் இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை என்று அம்மாவிடம் சொன்னானாம். டாக்டரிடம் போய்வருகிறான். "அந்த ஷெட்டுக்குள் போகும்போதுதான் அவன் முகத்தில் கொஞ்சம் உயிர் தெரிகிறது. அது எனக்கும் தெரிகிறது. ஆனால் வேலை முடிந்தால் அவன் கையில் என்ன இருக்கும்? நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார். நீங்கள் எழுதுகிறவர், நீங்கள் சொல்லுங்கள்" என்றாள்.

எழுதுகிறவனுக்குச் சொல்லத் தெரியும் என்று அந்த அம்மாளுக்கு யார் சொன்னார்களோ! மூன்று நாள் அந்தப் பக்கமே போகவில்லை. விருந்தாளி, அந்நியன், அடுத்த மாதம் விமானம் ஏறப் போகிறவன், இவர்கள் குடும்ப விஷயத்தில் எனக்கென்ன என்று நானே எனக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டேன். மகளிடம் சொன்னபோது அவள் ஒரு கணக்கைக் காட்டினாள். 2021-ஆம் வருஷத்தில் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்! பிறரைக் கொல்லுகிற பொருள் என்றே நான் அதைப் பற்றி இத்தனை நாளும் விசாரம் செய்துகொண்டிருந்தேன். பிணங்களையும் மாடுகளையும் பற்றிக் கவலைப்பட்டேன். பிடித்த கையைக் கடிக்கட்டுமே என்று வேறு பேசினேன்.

அந்தப் பிடிக் காப்பு கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஒரு கை என்னைப் பிடித்திருக்கிறதா? யாருடைய கை, எந்த நேரத்தில், எந்த மனத்தோடு என்று கேட்க அதற்கு வழியில்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் ஷெட்டில் உட்கார்ந்திருந்த நாங்கள். நாங்களோ நீலச் சாயம் எங்கே அழிந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். மனம் ஒன்றுவது என்று நாம் புகழ்கிறோமே, அதில் மற்றெல்லாவற்றையும் பார்க்காமலிருப்பதும் சேர்ந்திருக்கிறது. என் தச்சரும் பத்தரும் தலை நிமிராதவர்கள் என்று பெருமையாக எழுதினேன். நிமிர்ந்திருக்க வேண்டிய வேளை எதுவும் அவர்களுக்கு நான் வைக்கவில்லை.

நாலாம் நாள் போனேன். பையன் இல்லாத நேரம். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். வாக்கியம் எதுவும் தயார் செய்துகொண்டு போகவில்லை. கிழவர் அரத்தைக் கீழே வைக்கவில்லை, தேய்க்கவும் இல்லை. வெகு நேரம் கழித்து, "வேலையை நிறுத்தினால் அவன் இங்கே வரமாட்டான்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

"முடித்தால்?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அதனதன் உறையில் வைத்தார்.

அடுத்த வாரம் சுவரோரம் இருந்த இரும்புப் பெட்டி காலியாக இருந்தது. தம் துப்பாக்கிகளை வேறு ஊரிலுள்ள சிநேகிதர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டதாக மனைவி சொன்னாள். பேரனின் துப்பாக்கியிலிருந்து கழற்றிய பழைய பிடிக் காப்பும் ஆணித் தட்டில் காணோம். ஆனால் சாயங்கால வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது. இப்போது மரத்தில் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டுகிற வேலை. அங்குலத்துக்கு இருபது கோடு. ஒரு கோடு பிசகினால் அந்தத் துண்டையே வீச வேண்டியதுதான். பையன் ஒன்றை வீசினான், இரண்டாவதையும் வீசினான். மூன்றாவது தேறும் போலிருந்தது. அவன் விரல் நகங்களில் நீலம் ஏறியிருந்தது. ஒரு நாள் என்னிடம் தானாகவே, உங்கள் ஊரில் என்ன மரம் உறுதியானது என்று கேட்டான். தேக்கைப் பற்றியும் கருங்காலியைப் பற்றியும் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் விடைபெறப் போனேன். எல்லாவற்றையும் மாட்டி, எண்ணெய் துடைத்து, மேஜையின் மேல் வைத்திருந்தார்கள். இருட்டிலும் பளபளக்கும் போலிருந்தது. வாலும் சட்டமும் சேருகிற இடத்தில் நகம் வைத்தால் ஒரு வரிகூடத் தட்டுப்படவில்லை. பையன் மேலுறையை இழுத்து, காலியாக இருப்பதைக் காட்டி, தாத்தாவைப் போலவே பிடியை என் பக்கம் திருப்பி நீட்டினான். சுவரைப் பார்த்து இறுகப் பிடித்தேன். பிடிக் காப்பு உள்ளே அழுந்தியது. விசையை இழுத்தேன், நகரவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தேன்; நகரவில்லை.

கிழவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கரம் இன்னும் நீளமாக இருக்கிறது. கொஞ்சம் தேய்க்க வேண்டும். தாத்தாவுக்கு அவசரமில்லை" என்றான் பையன்.

இரண்டு மாதம் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்கே அது எத்தனை நிமிஷ வேலை என்று தெரியும். அவனுக்குத் தெரியாதா? அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி, பிரித்து, நீலச் சாயப் புட்டியின் மூடியைத் திறந்தான்.